அன்ச்சியேத்தாவோடு சில நாட்கள்

மார்ச் 3

ஹுவான் தே அன்ச்சியேத்தா. பழைய ஸ்பானிய இசையமைப்பாளர். 1462 வாக்கில் வட ஸ்பெயினில் பாஸ்க் பகுதியின் அஸ்பெய்தியா பக்கம் பிறந்தவர். 1489-ல் இசபெல்லா ராணியின் அரண்மனைச் சிற்றாலயத்தில் பாடகர். அப்புறம் ராணியின் மகன் இளவரசர் ஹுவானுக்கு இசை ஆசான். அந்த இளவரசரின் பணியாளாக இருந்த ஒவியேதோ எழுதி வைத்திருக்கிறார்: மதிய ஓய்வு நேரத்தில் அன்ச்சியேத்தா நாலைந்து பாடகச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு வருவாராம். இளவரசர் அவர்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் டெனர் என்ற ஆண்குரல் பகுதியைப் பாடுவாராம். 1497-ல், பத்தொன்பது வயதில், அந்த இளவரசர் இறந்துபோனார். இதற்குமேல் இன்று படிக்க மனம் வரவில்லை.

மார்ச் 5

'கோன் அமோரேஸ், லா மி மாத்ரே' கேட்டேன். காதல் நினைவோடு தூங்கிப்போனேன் அம்மா என்று ஒரு பெண் சொல்லும் சின்னப் பாட்டு. தகதகிட, தகதகிட என்று தொடையில் தட்டினால் கண்ட நடை கச்சிதமாக உட்காருகிறது. ஐந்தில் ஓடுகிறோம் என்ற பகட்டே இல்லை. கோயிலுக்கு எழுதிய கையா இது!

மார்ச் 9

இன்று படித்தது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. 1492-ல் யூதர்களை ஸ்பெயினை விட்டு வெளியேறச் சொன்னார்கள். 'யூதர்களே, மூட்டை கட்டுங்கள், கடல் தாண்டிப் போகச் சொல்லி அரசர்கள் ஆணை' என்று தெருவில் ஒரு கேலிப் பாட்டு. அந்த மெட்டின் மேல் அன்ச்சியேத்தா ஒரு திருப்பலி இசையே கட்டினார். இதைச் சொல்பவர் சலமான்காவில் இசை கற்பித்த பார்வையற்ற பேராசிரியர் சலீனாஸ், 1577-ல். அந்தத் திருப்பலி இசை கிடைக்கவில்லை. மெட்டு மட்டும் சலீனாஸின் நூலில் இருக்கிறது. அந்தக் காதல் பாட்டும் இந்தத் திருப்பலி இசையும் ஒரே ஆளுடையவை. எதையும் மறைக்காமல்தான் இவரைப் பற்றிப் பேச வேண்டும்.

மார்ச் 14

கடைசிக் காலத்தில் அஸ்பெய்தியாவில் பங்குத்தந்தை. அந்தக் கோயிலின் உரிமை லொயோலா குடும்பத்துக்கு. அன்ச்சியேத்தாவின் தாயும் அந்த வம்சம்தான். ஆனாலும் கோயில் விஷயத்தில் பகை முற்றியது. 1515-ல் இனிகோ லொயோலா மீதும், பாதிரியாராக இருந்த அவர் அண்ணன் மீதும் வழக்கே நடந்தது. 1521-ல் பாம்ப்லோனாவில் குண்டடிபட்ட காலோடு இனிகோ வீடு திரும்பினார். அவர்தான் பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1523-ல் அன்ச்சியேத்தா இறந்தார். இஞ்ஞாசியாரின் வரலாறுகளில் இவர் பெரும்பாலும் ஒரு சண்டைக்காரப் பங்குச்சாமியாகத்தான் தலைகாட்டுகிறார், அது அநியாயம். அன்ச்சியேத்தா பெயரில் வரும் 'லீபெரா மே' என்ற, இறந்தோருக்கான வழிபாட்டுப் பாட்டை நாளை கேட்கப்போகிறேன்.