மூன்றாம் கம்பி

மார்ச் 3

மறுபடியும் கரகர. கிட்டாரின் வால்யூம் ஸ்லைடரில் விரல் பட்டால் போதும், ஆம்பில் மணலைக் கொட்டுகிற சத்தம். பேட்டரி புதுசு. கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று, ஜாக்கின் நட்டையும் இறுக்கியாயிற்று. கிட்டாருக்குள் இருந்து ஒலியைக் கூட்டி அனுப்பும் ப்ரீஆம்ப்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அது போனால்கூடப் பரவாயில்லை. மூன்றாம் கம்பிதான் உறுத்துகிறது. மடியில் வைத்து வாசிக்கும்போது ஆறு கம்பியும் சமமாகத்தான் ஒலிக்கின்றன. கேபிளைச் செருகியதும் மூன்றாவது மட்டும் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது. வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். இத்தனை வருஷமாக அந்தக் கம்பியை மட்டும் கொஞ்சம் அழுத்தி மீட்டியே ஒப்பேற்றியிருக்கிறேன்.

இன்னும் 14 நாள்.

மார்ச் 4

நள்ளிரவு தாண்டியும் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி கதவருகே வந்து காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்: "அண்ணா, தூங்கு."

மார்ச் 5

டாக்டர் சொன்ன நாள் வரை அவள் பேசவே கூடாது என்பது எனக்குப் புரிந்தது. கிசுகிசுக்கவும் கூடாது என்பதை இன்றுதான் நன்றாகப் படித்தேன். நேற்று மாலை ஒரு வார்த்தை கிசுகிசுத்தாள். என் காதில் விழுந்தது. சொல்லிக் காட்டவில்லை, ஆனால் நாள் முழுக்க அதே நினைப்பு. இனிமேல் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. மேசையோ கதவோ கட்டில் சட்டமோ, எது கைக்குப் பக்கமோ அது.

மார்ச் 6

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன். சுருதியில் இருக்கும்போது ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கின்றன. கழற்றியதும் கிட்டார் மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்னத் துண்டான சேடிலை உருவினேன். அடியில் பீசோ பட்டை. கம்பியின் அதிர்வு சேடில் வழியாக இறங்கி அதை அழுத்துகிறது, அழுத்தம் மின்சாரமாகிறது. சேடிலின் அடி சமமாக உட்காராவிட்டால் ஒரு கம்பி அதிகம் அழுத்தும், இன்னொன்று குறைவாக. இது தெரிந்ததுதான். தெரிந்தும் இத்தனை வருஷம் திறந்து பார்க்கவில்லை.

பட்டையை நெம்பி எடுத்தால் பள்ளத்தில், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், ஒரு மரத்துணுக்கு. அரிசி நொய்யில் பாதிகூட இருக்காது. பள்ளம் வெட்டிய அன்று ஊதித் தள்ளாமல் விட்டது. பட்டை அதன்மேல் ஏறி நின்றிருக்கிறது. மூன்றாம் கம்பிக்கு அடியில் சேடில் சரியாக ஊன்றவே இல்லை.

துணுக்கை விரல் நுனியில் வைத்து அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அப்புறம் நான் செய்தது. பட்டை பள்ளத்திலிருந்து சின்னத் துளை வழியாக உள்ளே இறங்கும் இடத்தில் வளைவு இருக்கும். அங்கே அதை ஆட்டவே கூடாது. ஆட்டினேன். மேலிருந்த கவசப் பின்னல் பிரிந்துவிட்டது. இனி அதை மாட்டினால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான் வரும்.

மார்ச் 7

எதையும் தொடவில்லை. அவளும் ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 8

இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, மறுபடியும் சேடிலுக்கடியில் ஒரு பட்டை, பக்கவாட்டில் ஒரு ப்ரீஆம்ப். ஆனால் பழைய ப்ரீஆம்ப் இருந்த ஓட்டைக்குப் புதியது பொருந்த வேண்டும். அளந்தேன்: 98 மி.மீ. நீளம், 62 மி.மீ. அகலம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். பெரியதானால் மரத்தை இன்னும் வெட்ட வேண்டும். வெட்ட மாட்டேன்.

இரண்டாவது வழி, பிரிட்ஜுக்கு, அதாவது சேடில் உட்கார்ந்திருக்கும் கட்டைக்கு, நேர் கீழே, உட்பக்கப் பலகையில் மூன்று பீசோ வில்லைகளை ஒட்டுவது. பேட்டரி கிடையாது, ஸ்லைடர் கிடையாது. பட்டை வழியாகப் பலமாக மீட்டும்போது வருமே, அந்த பிளாஸ்டிக் 'குவாக்', அதுவும் இவற்றில் குறைவு. பலகை எப்படி அசைகிறதோ அதைத்தான் இவை கேட்கும். மேடையில் ஃபீட்பேக், ஸ்பீக்கர் ஊளையிடுவது, சீக்கிரம் வரும் என்பது இதன் குறை. அதை நான் சமாளித்துக்கொள்வேன்.

வில்லைகள்தான்.

அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் ஜாக் கியூரியும் பியர் கியூரியும், அண்ணன் தம்பி. அவளிடம் சொன்னேன். "தங்கச்சி இல்லையா?" என்று எழுதினாள்.

மார்ச் 10

பட்டை 1.2 மி.மீ. தடிமன். அது இல்லாவிட்டால் சேடில் அத்தனையும் கீழே இறங்கும். 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் அதில் பாதி, 0.6 மி.மீ. குறைந்துவிடும். சின்ன அளவாகத் தெரியலாம், ஆனால் கம்பி ஃப்ரெட்டில் அடித்துக் கரகரக்க அது தாராளமாகப் போதும். அதனால் எலும்பில் புது சேடில், பழையதைவிட 1.2 மி.மீ. உயரமாக.

கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலின் அடியில் பென்சிலால் நெருக்கமாகக் கோடு போட்டுத் தேய்த்தேன். கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் அழிந்தால் அடி சமம். முதல் தடவை ஓரங்களில் அழிந்து நடுவில் நின்றன. மறுபடி கோடு, மறுபடி தேய்ப்பு. ஏழாவது தடவை எல்லாம் சேர்ந்து மறைந்தன. விரலெல்லாம் எலும்புத் தூள். பள்ளத்தை மூன்று முறை ஊதினேன். பிறகு பிரஷ். பிறகு மறுபடியும் ஊதினேன்.

மார்ச் 11

இன்னும் 6 நாள். தூக்கத்தில் இருமினாள்.

மார்ச் 12

ஒட்டுவதற்கு முன் சோதனை. வில்லைகளை இருபுறமும் ஒட்டும் டேப்பில் தற்காலிகமாக வைத்தேன், சேடில் கோட்டுக்கு நேர் கீழே: ஒன்று 1-2 கம்பிகளுக்கு நடுவில், ஒன்று 3-4, ஒன்று 5-6. சவுண்ட்ஹோல் வழியாகக் கை மணிக்கட்டைத் தாண்டிப் போக வேண்டும். கை போனால் கண்ணுக்கு வழி இல்லை. சின்னக் கண்ணாடியை உள்ளே படுக்கவைத்து, அதில் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு வைத்தேன். உள்ளே பலகையைத் தாங்கும் பிரேஸ்கள் மேல் படாமல்.

ஆம்பைப் போட்டேன். அவள் வந்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு விரலால் தட்டினாள். அறையே ஒலித்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். மறுபடி தட்டினாள். அப்புறம் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள், மெல்ல, வேகமாக, நகத்தால், விரல் சதையால். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

"மூன்றாவது கேட்கிறதா?"

இரண்டு தட்டு.

நடு வில்லையை 5 மி.மீ. நகர்த்தினேன். மீட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு தட்டு.

மார்ச் 13

ஒட்டியாயிற்று. டேப்பில் அதிர்வு கொஞ்சம் அமுங்கும். கடினமாக இறுகும் பசைதான் வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஜெல் சூப்பர் க்ளூ ஒரு துளி, ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். இனி நகர்த்த முடியாது. கை நடுங்கியது.

மார்ச் 14

ஜாக்கை உள்ளிருந்து பின்பக்கத் துளைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம். வெளியிலிருந்து மெல்லிய குச்சியை விட்டு, அதன் நுனியில் ஜாக்கைக் குத்தி இழுத்தேன். மூன்று முறை நழுவியது. நாலாவதில் வந்தது.

பழைய ஜாக் ஸ்டீரியோ. கேபிளைச் செருகினால் அதுதான் பேட்டரியை இணைக்கும். கேபிளை எடுக்க மறந்த இரவுகளில் எத்தனை 9 வோல்ட் பேட்டரிகள் தீர்ந்தன! இனி அந்தக் கவலை இல்லை.

மார்ச் 15

மிக்சரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகினேன். சன்னமாக, தகரம் மாதிரி. நெஞ்சு அடைத்துவிட்டது. ஒட்டியது தப்போ, உள்ளே வயர் விட்டதோ என்று அரை மணி நேரம். அப்புறம்தான் உறைத்தது: பீசோவுக்கு எதிரே 1 மெகாஓம் அளவு இன்புட் வேண்டும். லைன் இன்புட்டின் 10 கிலோஓமில் செருகினால் கீழ் ஸ்வரங்கள் எல்லாம் கரைந்துபோகும். நடுவில் அந்த இன்புட்டைத் தரும் டிஐ பாக்ஸ் வைத்தேன்.

வந்தது. மடியில் கேட்கிற அதே கிட்டார். மரம் கேட்கிறது. ஆறும் சமம். மூன்றாம் கம்பியைத் தனியாக, அழுத்தாமல், நாற்பது ஐம்பது முறை மீட்டியிருப்பேன்.

மார்ச் 16

பக்கவாட்டு ஓட்டையை மெல்லிய மரப்பலகையால் மூடினேன். நிறம் சரியாகச் சேரவில்லை. சேராவிட்டால் என்ன.

மேடையைப் பற்றி அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. படுக்கப் போகும் முன் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனாள்: "நாளைக்கு எந்த சுருதி?"

பழைய சுருதியா, அரை கீழேயா. அவளுக்குக் கஷ்டம் இல்லாமல் இருக்க ஒரு முழு ஸ்வரம் இறக்கலாம். இறக்கினால் அவளுக்குப் புரிந்துவிடும். இறக்காவிட்டால்? டாக்டர் முதலில் 'ஆ' என்று மட்டும்தான் சொல்லச் சொல்வார். அதற்கு ஏன் சுருதி. மூன்று மணி ஆகிறது.

மார்ச் 17

புதுக் கம்பிகள் இல்லையா, ராத்திரி கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. பழைய சுருதிக்கே சேர்த்தேன். மூன்றாவதைக் கடைசியில். கதவில் ஒரு தட்டு.