ஆளுக்கொரு சுள்ளி

கென்யாவில், நகுரு நகரத்தில் மடாட்டு வேன் ஏறி மாரிகாட் போகும் வழியில், மொகோட்டியோ பக்கம் பூமத்திய ரேகையைத் தாண்டுவோம். ரேகை என்றால் ரோட்டோரம் ஒரு பலகை, அவ்வளவுதான். அதைத் தாண்டி வெயில் ஏற ஏற, ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டேனோ என்று இருந்தது. அதே முள், அதே சின்ன இலை, அதே மஞ்சள் நெற்று. சாட்சாத் நம்ம ஊர் சீமைக்கருவேலம்! மாரிகாட் இருக்கும் பாரிங்கோ பகுதியில் அதற்கு மத்தெங்கே என்று பெயர்.

ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அங்கே கிராமப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்துவது என் வேலை. பையில் வங்காரி மாத்தாய் படம் போட்ட சுவரொட்டிகள் இருந்தன. 1977-இல் கிராமத்துப் பெண்களை வைத்து மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி, 2004-இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியவர், அந்த நாட்டுக்காரர். அவரைக் காட்டி 'மரத்தை வெட்டாதே' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் காலை பள்ளி வாசலிலேயே என் பாடம் கவிழ்ந்தது. வரும் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் ஒரு சுள்ளி, இன்னொரு கையில் மஞ்சள் கேனில் மூன்று லிட்டரோ ஐந்து லிட்டரோ தண்ணீர். சுள்ளி மதியச் சாப்பாட்டு அடுப்புக்கு, தண்ணீர் உலைக்கு. கொண்டு வராவிட்டால் திருப்பி அனுப்பிக்கூட விடுவார்கள். மணி அடித்ததும் அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே நின்று, விறகுக்காக மரம் வெட்டுவதால் வரும் கேடுகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை, ரொம்ப மரியாதையான பிள்ளைகள். கடைசியில் ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "ம்வாலிமு, நாளைக்குச் சுள்ளி கொண்டு வரலாமா, கூடாதா?" என்று கேட்டாள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் சமையல் கொட்டகைக்குப் போனேன், அதுவும் வெட்கத்தில். மூன்று கல் அடுப்பு, பெரிய அண்டா, கண்ணைக் கரிக்கும் புகை. மக்காச்சோளமும் அவரை வகைப் பயறும் சேர்த்து வேகவைக்கும் கிதேரிதான் தினமும். காய்ந்த பயறு, காய்ந்த சோளம், வேகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. நம் வீட்டில் மொச்சையை ராத்திரியே ஊற வைப்பார்களே, அதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சமையல்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊற வைத்தால் சீக்கிரம் வேகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தண்ணீர் காலையில் பிள்ளைகளோடுதான் வருகிறது, ராத்திரி ஊற வைக்க அவர் எங்கே போவார்? தண்ணீர் இல்லாததால் விறகு கூடுதல் என்கிற விஷயம் எங்கள் திட்ட அறிக்கையில் எங்கும் கிடையாது. எழுதியவர்கள் பயறு வேகவைத்ததில்லை போலும். எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சரி, மழைநீர்த் தொட்டி வைப்போம் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவானது. கூரை தகரம்தான், அங்கே மபாட்டி என்பார்கள். மன்றப் பிள்ளைகள் கயிறு பிடித்து அளந்தார்கள், நூறு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நூறு சதுர மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர். இந்தக் கணக்கைப் போட்ட அன்று வகுப்பில் இருந்த சத்தம் என் சுவரொட்டிகளுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. பத்தாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு நாங்கள் பணம் கொடுத்தோம், மேடை கட்டக் கல்லும் மணலும் ஆள்கூலியும் ஊர் கொடுத்தது. கூடவே விறகு மிச்சமாகும் என்று ஒரு புது அடுப்பும் வந்தது. அதன் வாய் சின்னது, ஒவ்வொரு கட்டையையும் பிளந்து போட வேண்டும். பிளப்பது யார்? அந்த அம்மாதான். பிளந்து பிளந்து கை வலிக்கிறது என்று அவர் என்னைத் திட்டியது இருக்கட்டும்.

மத்தெங்கே பற்றிப் பாடம் எடுத்தது இதற்கெல்லாம் பிறகு. விறகுப் பஞ்சம் தீரும், மண் அரிக்காது என்று 1980-களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு பாரிங்கோவில் நட்ட மரம் அது. மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டது. இனிப்பு நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் கொட்டியது. 2000-களின் நடுவில் அந்தப் பகுதியின் இல்சாமுஸ் இன மக்கள் அரசின் மேல் வழக்குப் போட்டு, பல் போன ஆட்டையே சாட்சியாக நைரோபி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் கதையை நான் ஆரம்பிக்கும் முன்னரே பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். கரும்பலகை முழுக்கக் 'கெட்டது' பட்டியல். அப்போது பின் வரிசைப் பையன் ஒருவன், தன் அண்ணன் மத்தெங்கே கரி சுடுவதாகவும், போட்டிருக்கும் சீருடை அந்தக் காசில் வாங்கியதுதான் என்றும் சொன்னான். 2003-இலிருந்து தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சீருடை இலவசம் இல்லையே. எங்கள் பக்கத்துக் கரி மூட்டத்தைப் படம் வரைந்து காட்டினேன். அவன் வந்து மண் மூடும் விதத்தைத் திருத்தினான். 'நல்லது' எழுதப் பலகையில் இடம் விடவில்லை, ஓரத்தில் இடுக்கி எழுத வேண்டியதாயிற்று.

நான் கிளம்பிய வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்து, இன்னும் பத்தொன்பது நாள் வரும் என்று பிள்ளைகள் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். பதினேழாம் நாளே குழாயில் காற்றுதான் வந்தது. மறுநாள் மஞ்சள் கேன்கள் திரும்ப வந்தன. இரண்டு நாள் தண்ணீர் எங்கே போயிற்று என்று சமையல்கார அம்மா ஒரு வாரம் விசாரித்தார், அதில் பாதி விசாரணை எங்கள் ஜீப்பைக் கழுவியது யார் என்பதைப் பற்றித்தான்.