கிணற்றுத் தண்ணீர் சரி, குட்டைச் சேறு?

பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை, கொழிஞ்சாம்பாறை பக்கம் பழைய மாந்தோப்பு வாங்குபவர்கள் கிணற்றுத் தண்ணீரை லேப்புக்கு அனுப்பி, 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். முன்பு தோப்புகளில் தெளித்த எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து விஷயத்தில் இது அவசர நிம்மதி. அந்த மருந்து தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, லிட்டருக்கு அரை மில்லிகிராம் கரைந்தாலே அதிகம். மண்ணிலும் மக்கிலும்தான் ஒட்டிக்கிடக்கும். மழையில் மண் அரிக்கும்போது கூடவே போய், தண்ணீர் தேங்கும் இடத்தில் படியும்.

டின்னில் இருந்தது ஆல்ஃபா, பீட்டா என்ற அதன் இரண்டு வடிவங்களின் கலவை, ஏறத்தாழ 7:3. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாற்றிவிடும். நஞ்சு குறையாது, ஆயுள்தான் கூடும். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மண்ணில் பாதியாகக் குறையவே 9 மாதம் முதல் 6 வருடம் வரை ஆகலாம். இந்த மருந்துக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011 மே மாதம். இப்போதும் மிச்சம் இருந்தால் அது பெரும்பாலும் சல்ஃபேட்டாகத்தான் இருக்கும். ஆல்ஃபா, பீட்டா மட்டும் பார்த்துத் தரும் ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுப்பது வீண்.

மண்ணின் குணமும் சேர்ந்துகொள்ளும். காரத்தில் இந்த மருந்து சீக்கிரம் சிதையும், புளிப்பில் மெதுவாக. 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்த காசர்கோட்டு முந்திரித் தோட்டங்கள் புளிப்பான செம்பாறை மண். முதலமடை, கொழிஞ்சாம்பாறை அடங்கிய நம் சித்தூர் தாலுகாவின் கரிசல் காரம், அந்த வகையில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஆனால் தோப்புக்குத் தோப்பு மண் மாறும், pH (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) பார்க்காமல் நம்ப வேண்டாம்.

குட்டையைத் தூர்வாரி வண்டலை மரத்தடியில் கொட்டும் பழக்கம் நல்லதுதான். கொட்டுவதற்கு முன் அந்த வண்டலைச் சோதியுங்கள், இல்லையென்றால் மழையில் அடித்துக்கொண்டு போன மருந்தை நாமே திரும்பக் கொண்டுவந்த மாதிரி ஆகும். வாய்க்கால் வந்து சேரும் மூலையில், மேல் 5 செ.மீ. சேற்றை எட்டுப் பத்து இடத்தில் எடுத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து, அரைக் கிலோ மட்டும் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள். பிளாஸ்டிக் கவர் கூடாது. வெயிலில் காயவைத்தால் ஆல்ஃபா ஆவியாகிவிடும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள்.

லேப்பில் 'எந்த அளவு வரை உங்களால் பிடிக்க முடியும்?' என்றும் கேளுங்கள். லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவிலேயே சில மீன்கள் செத்துப்போகும். அதற்கு மேல்தான் தெரியும் என்றால், குட்டைத் தண்ணீரை அங்கே கொடுத்துப் பயனில்லை.