பெர் லவால் கல்லறையில் ஒரு சைவனின் வழக்கு

செப்டம்பர் 8ஆம் தேதி இரவு மொரீஷியஸ் சாலைகளில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். எல்லாரும் போவது போர்ட் லூயியில், சாந்த் க்ருவாவில் இருக்கும் பெர் லவால் கல்லறைக்கு. மறுநாள் அவர் இறந்த நாள். அவர் கத்தோலிக்கப் பாதிரியார்தான், ஆனால் நடப்பவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுத்த ஆளே செப்டம்பரில் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பதை இங்கே யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

நான் பெரியம்மாவோடு போனேன். கத்தோலிக்கரைக் கல்யாணம் செய்துகொண்டு ஞானஸ்நானம் வாங்கியவர். ஊரில் இருக்கிற செப்டம்பர் எல்லாம் நடந்துவிடுவார். எனக்கு அந்த மதத்தோடு ஒரு பழைய வழக்கு உண்டு. சண்டை போட இதைவிட நல்ல ராத்திரி கிடைக்காது என்று கூடவே கிளம்பினேன்.

வழக்கு இதுதான். ஆதாம் செய்த பாவம் எனக்கு எப்படி வந்தது? தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமக்க வேண்டியதில்லை என்று அவர்கள் வேதத்திலேயே எசேக்கியேல் சொல்லியிருக்கிறார். ஆனாலும் பிறந்த குழந்தைக்கும் பாவம் உண்டு, அதைக் கழுவ ஞானஸ்நானம் வேண்டும். கழுவாதவனுக்கு வழி இல்லை. கழுவிய அயோக்கியனோ கடைசி மூச்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மோட்சம் போய்விடலாம்.

இந்தத் தீவில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். 1723இல் இங்கே கொண்டுவரப்பட்ட பிரெஞ்சு அடிமைச் சட்டம், அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னது. தப்பி ஓடியவன் காதை வெட்டச் சொன்னதும் அதே சட்டம்தான். காதை வெட்டச் சொன்ன முதலாளி சாகும்போது பாதிரியாரைக் கூப்பிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பான். காட்டிலே ஒளிந்து, முழுக்கு வாங்காமலே செத்தவன் எங்கே போனான்?

அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளிடம்தான் லவால் வந்தார். 1803இல் நார்மண்டியில் பிறந்தவர், முதலில் டாக்டர், அப்புறம் பாதிரியார். அடிமைமுறை ஒழிந்து ஆறு வருஷம் கழித்து, 1841இல் இங்கே கப்பலிறங்கினார். விடுதலையானவர்களின் கிரியோல் மொழியைக் கற்று, அதிலேயே போதித்தார். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1864இல் இறந்தார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்.

நடக்கும்போதே பெரியம்மாவிடம் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதையை எடுத்தேன். காலையிலிருந்து வெயிலில் வேலை செய்தவனுக்கும், சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் ஒரே கூலி. "இது என்ன நியாயம் பெரியம்மா?"

"உன் கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்துக் கூலிதானே? ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் எத்தனை நாள் கூலி பிடிப்பான்?"

"ரெண்டு நாள்."

"அந்த மனுஷன்கிட்டே போய், ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுக்கூலி கொடுக்கிற முதலாளி ஒருத்தர் இருக்கார், அது அநியாயம்னு சொல்லிப் பாரு."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தோட்டக் கணக்குப்புத்தகத்தின் நியாயம் எப்படிப்பட்டது என்று எங்கள் குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யோசித்தால் இந்த இடத்தில் சைவன் ரொம்பத் துள்ளவும் முடியாது. திருவிளையாடல் புராணத்தில் மாபாதகம் தீர்த்த படலம் இருக்கிறது. தாயைக் கெடுத்து, தகப்பனைக் கொன்றவன் மதுரைக்கு வருகிறான். சொக்கநாதர் வேடனாக எதிரே வந்து அவன் பாவம் தீர வழி சொல்லி அனுப்புகிறார். இப்படிப்பட்டவனுக்குமா என்று அம்மையே கேட்கிறாள். வேறு கதியில்லாதவனைக் காப்பதுதான் காப்பு என்கிறார் அவர். வினைக் கணக்கும் அப்படித்தான். காதறுந்து நிற்பவனிடம் போய் இது உன் முற்பிறவிப் பலன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் ஆதியிலேயே ஒட்டியிருக்கிறது என்கிறோம். அதையும் யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அதை யாரோ ஒரு முப்பாட்டன் செய்த குற்றம் என்று என் தலையில் கட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, அயோக்கியனுக்குக் கிடைக்கும் மன்னிப்பை வழக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்று. அதைக் கல்லறைக்கு முன்னால் வரிசையில் நின்றபோதுதான் கேட்டேன்.

"அப்போ பாட்டி எங்கே?"

பாட்டி பெரியம்மாவுக்கு அம்மா. கடைசிவரை நெற்றியில் திருநீறு. தேவாரம் பாதிதான் தெரியும், அதையும் தப்பாகப் பாடுவாள்.

பெரியம்மா உடனே பேசவில்லை. வரிசை நகர்ந்தது. உள்ளே லவால் படுத்திருப்பது போன்ற உருவம். ஜனங்கள் தொட்டுத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். பக்கத்தில் புடவை கட்டிய ஓர் அம்மாள், குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்து அங்கே வைத்து அழுத்தினார். ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறதா என்று வாசலில் கேட்க ஆள் இல்லை.

வெளியே வந்ததும் பெரியம்மா சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி இதே கேள்வியைச் சாமியார்கிட்டே கேட்டேன். தெரியாமல் வெளியே இருக்கிறவங்களையும் கடவுள் சேர்த்துக்குவார்னு சபையே சொல்லியிருக்குன்னார்."

அவர் சொன்னது சரிதான். 1964இல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்படி எழுதியது. முழுக்கு வாங்காமல் இறந்த குழந்தைகளுக்கும் இரட்சிப்பை நம்ப இடம் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு சொன்னது. ஆனால் அந்த 1964 வார்த்தையே லவால் இறந்து சரியாக நூறு வருஷம் கழித்து வந்ததுதான். நடுவில் எத்தனை தாய்மார், முழுக்கு வாங்காத பிள்ளையைப் புதைத்துவிட்டு அதன் கதி நினைத்து அழுதிருப்பார்கள்? அந்த அழுகைக்கு யார் பொறுப்பு? நல்ல கடவுளைப் பற்றி இவ்வளவு காலம் இப்படிப் பயமுறுத்திவிட்டுப் பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்வது எனக்குப் போதவில்லை. பெரியம்மாவிடமே சொன்னேன்.

"எனக்கும்தான் போதலே. அதுக்காக நடக்காம இருக்க முடியுமா?" என்றார்.

சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோவிலும் போர்ட் லூயியின் அந்தப் பக்கம்தான்; கைலாசம் என்றால் எல்லாருக்கும் தெரியும். போகிற வழியில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு தால் பூரி சாப்பிட்டோம். கோவில் வாசலில் பெரியம்மாவும் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து காசை எடுத்து என் கையில் திணித்தார்.

"அம்மா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடு. ரோகிணி நட்சத்திரம். சர்ச்சில் பூசைக்கும் பேர் கொடுத்திருக்கேன், அது ஞாயிற்றுக்கிழமை."

குருக்கள் கோத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். "சிவகோத்திரம்" என்று அவரே சொல்லிக்கொண்டு தட்டை வாங்கி உள்ளே போனார்.