தொடையில் ஒரு தாளம்

வியன்னாவுக்கு வந்த மூன்றாவது மாதம் அது. சிம்பொனியின் முதல் பகுதி முடிந்ததும் அரங்கத்தில் நான் மட்டும் கை தட்டிவிட்டேன். இரண்டே தட்டு. பக்கத்து இருக்கைப் பெண்மணி திரும்பிப் பார்த்த பார்வையில் கை தானாக மடிக்கு இறங்கியது. எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம்.

எனக்கு வலித்தது. மயிலாப்பூர் சபாவில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான். ராகத்தின் அழகு தெரியும் நல்ல பிடி ஒன்று விழுந்தால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே "பலே!" என்பார். தாளம் போடாத கை எங்கள் வரிசையில் இருக்காது.

அன்று வாசித்தது மோட்சார்ட்டின் 31ஆவது சிம்பொனி. 22 வயதில், பாரிஸில் இருந்தபோது எழுதியது. அறைக்கு வந்து தேடியதில், 1778 ஜூலை 3 அன்று சால்ஸ்பர்க்கில் இருந்த அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்தது. முதல் பகுதியின் நடுவிலேயே ஜனங்கள் பலமாகத் தட்டினார்களாம். அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தே வைத்ததால், கடைசியில் அதையே திரும்பவும் கொண்டுவந்திருக்கிறார்.

மூன்றாவது பகுதி இன்னும் அழகு. பாரிஸில் அதை எல்லா வாத்தியமும் சேர்ந்து பலமாக ஆரம்பிப்பதுதான் வழக்கம். இவரோ எட்டு பார் (அதாவது எட்டு தாளச் சுற்று) வரை வயலின்களை மட்டும் மெதுவாக வாசிக்க வைத்தார். கூட்டம் "உஷ்" என்றது. சட்டென்று எல்லாரும் சேர்ந்து இறங்க, உடனே கைத்தட்டல்! கச்சேரி முடிந்த சந்தோஷத்தில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம். எனக்கு சபா கேன்டீன் ரவா தோசை ஞாபகம் வந்தது.

உடனே தாத்தாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "அப்போ நீ தட்டினது சரிதாம்மா" என்றார்.

அப்புறம் பழகிவிட்டது. இப்போதெல்லாம் கடைசிவரை அசையாமல் உட்காருகிறேன். இந்த ஊர் மௌனமும் பிடித்திருக்கிறது.

அதே கடிதத்தில், அன்று நான் தாண்டிப் போன வரிகள் சில உண்டு. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று எழுதியிருப்பார். உண்மையில், அவருடன் பாரிஸுக்கு வந்திருந்த அம்மா அன்றிரவே இறந்துவிட்டிருந்தார். சால்ஸ்பர்க்கில் இருந்த குடும்ப நண்பர் ஒருவருக்கு மட்டும் உண்மையை எழுதி, அப்பாவின் மனதைத் தயார்ப்படுத்தச் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் அம்மா போனில், "தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியல, நீ பரீட்சையை முடி" என்றாள். பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் மாமா கூப்பிட்டார்.

சென்ற மாதம் அதே சிம்பொனி இங்கே மறுபடி வந்தது. மூன்றாவது பகுதி மெதுவாகத் தொடங்கியதும் விரல் தொடையில் எண்ண ஆரம்பித்துவிட்டது. எட்டு பார். மொத்த வாத்தியமும் இறங்கியபோது "பலே" உதடுவரை வந்து நின்றது.