கத்திரி முடிவதற்குள்

ஏப்ரல் 27

என் மாருதி அல்டூராவில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் பழைய டர்போ கழன்று வந்துவிட்டது. மூன்று நட்டில் ஒன்று சும்மா வந்தது, ஒன்று கேஸ் வைத்துச் சூடேற்றிய பிறகு வந்தது, மூன்றாவது ஸ்டட்டோடு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் டர்பைன் ஹவுசிங்கில், வேஸ்ட்கேட் ஓட்டையை ஒட்டி, தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

"டீசல் டர்போவ பெட்ரோல் வண்டில போட்டா வேற என்ன ஆகும்?" என்றார் மெக்கானிக் பாய். மாட்டியவரும் அவர்தான்.

தப்பு என்னுடையது. ஸ்விஃப்ட் டீசலில் வரும் கேபி35 அன்றைக்கு மலிவாகக் கிடைத்தது. 1.3 லிட்டர் டீசலுக்குச் செய்த சாமான். பெட்ரோல் எஞ்சின் வெளியே தள்ளும் சூடு அதைவிட நூறு, நூற்றைம்பது டிகிரி கூட. மூவாயிரத்தில் ஜோராக இழுக்கும். நாலரை ஆயிரம் தாண்டினால் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவது போல. மூன்று வருடம் ஓடியதே பெரிது.

ஏப்ரல் 30

பாயின் ஷெட்டை மே 31க்குள் காலி செய்ய வேண்டுமாம். பாய் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்க்கும் சின்னவன் சொன்னான்.

மே 2

புதுப்பேட்டை. நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒரு டிடி04 டர்போ, 13டி வீல். சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் வந்த அதே ரகம். ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன், அசைவே தெரியவில்லை. பக்கவாட்டில் துளி ஆட்டம். அது இருக்கலாம், ஆயில் ஏறினால் சரியாகிவிடும். கம்ப்ரஸர் இறக்கைகளில் ஒரு கீறல் கூட இல்லை. பதினெட்டாயிரம். வீட்டில் எட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

லால்பாக் எக்ஸ்பிரஸில் அரிசிப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காட்பாடி வரை வந்தேன். அரக்கோணத்தில் ஏறிய பெரியவர் பைக்குள் எட்டிப் பார்த்து, "சங்கா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். ஊதுவதுதானே.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. இந்த ஊரில் டர்போ போடுகிறவனுக்குப் புத்தி கிடையாது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வெளியே 40 டிகிரி. 0.7 பார் பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், ஏற்றினால், அழுத்துகிற கம்ப்ரஸர் எழுபது சதவீதம் திறமையோடு வேலை செய்தாலும், காற்று 110 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். தண்ணீர் கொதிப்பதற்கும் மேலே. அதை இன்டர்கூலர் 60க்கு இறக்க வேண்டும், அதுவும் இதே 40 டிகிரிக் காற்றை வைத்து. ஊட்டிக்காரன் பதினைந்தில் தொடங்குவான்.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்லிச் சிரிப்பார்கள். மலை முழுக்கப் பாறை. ராத்திரி பத்து மணிக்கும் அது பகலைத் திருப்பி நம் மேல் ஊதுகிறது.

மே 6

டர்போவை மாட்டும் ஃபிளாஞ்ச் ஓட்டைகள் சேரவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆற்காடு ரோடு லேத்தில் 12 மில்லி ஸ்டீல் தகட்டில் அடாப்டர் சொல்லியாயிற்று. "நாளைக்கு" என்றார்கள். அவர்கள் ஊர் நாளை எது என்று தெரியும்.

மே 9

இன்னும் நாளை வரவில்லை.

வண்டியை வெளியே தள்ளி நிறுத்தியிருந்தோம். வெள்ளை நிறம், நீளமான பின்பக்கம். ஒரு குடும்பம் வந்து கல்கத்தா போக எவ்வளவு ஆகும் என்று இந்தியில் கேட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் மாதத்துக்கு ஒரு முறையாவது இப்படி நடக்கும். அவர்கள் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியாது. சின்னவன் கூடவே போய் ஆம்புலன்ஸ் ஸ்டாண்டைக் காட்டிவிட்டு வந்தான்.

ஜப்பானில் இதே வண்டிக்குக் கல்டஸ் வேகன் என்று பெயர். இங்கே அல்டூரா. விற்ற காலத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை; கார் என்றால் பின்னால் டிக்கி துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் நம் ஆட்களுக்கு. எனக்கு அதனாலேயே பிடித்தது.

மே 12

பிற்பகல் நாலு மணி. ஸ்டார்ட் செய்வதற்கு முன் இக்னிஷன் ஃபியூஸைப் பிடுங்கி, பத்துப் பத்து நொடியாகச் சுற்றவிட்டு டர்போவுக்கு ஆயில் ஏற்றினோம். பிறகு ஃபியூஸைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொண்டது. ஐடிலில் சின்னதாக ஒரு விசில். பாய் முகத்தில் எதுவும் இல்லை. "கேக்குதா பாய், விசிலு?" என்றேன். "ம்" என்றார்.

ஐந்து நிமிடத்தில் புகை. நீலப் புகை, கொசு மருந்து அடிக்கும் வண்டி மாதிரி. எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

டர்போ சீல் போச்சு, பதினெட்டாயிரம் போச்சு, வீட்டில் சொன்ன எட்டும் போச்சு. ராத்திரி சாப்பிடவில்லை. கத்திரிக்காய்க் கொத்சு. முள்ளு கத்திரிக்காய் வேறு.

மே 13

சீல் போகவில்லை!

ஆயில் திரும்பும் குழாய். டர்போவிலிருந்து எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, சம்ப்புக்கு, ஆயில் தன் எடையால்தான் இறங்க வேண்டும். அங்கே தள்ளிவிட பம்ப் கிடையாது. நாங்கள் போட்ட ஹோஸ் ஆக்ஸில் பக்கம் ஒரு தொய்வு விழுந்து, சிங்க் அடியில் இருக்கும் வளைவு மாதிரி ஆகியிருந்தது. அங்கே ஆயில் தேங்கி, பின்வாங்கி, சீல் வழியாகப் புகைபோக்கிக்குள் வடிந்திருக்கிறது. பாய் இதைக் கண்டுபிடித்தது கையால். ஹோஸை மேலிருந்து கீழே வரை தடவிக்கொண்டே போனார், ஓரிடத்தில் நின்றார், "இங்க" என்றார். குழாயைக் குட்டையாக்கி நேர் இறக்கமாகப் போட்டோம். அரை மணி நேரம் ஐடில். துளிப் புகை இல்லை.

ராத்திரி இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டேன். "என்ன, வண்டி ஓடிடுச்சா?" என்றாள் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும். பதினெட்டு மட்டும் தெரியாது என்று நம்புகிறேன்.

மே 15

பாய் போனை இடது காதில் வைத்துப் பேசுகிறார். வலது கைக்காரர். எவ்வளவு நாளாக?

மே 17

டியூனிங் செய்யும் கோவைப் பையன் பேஸ் மேப் அனுப்பினான், எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லும் அட்டவணை. அவன் அங்கே, லேப்டாப் இங்கே, நடுவில் வாட்ஸ்அப். நான் ஓட்டி, சென்சர் பதிவை லாக் எடுத்து அனுப்ப, அவன் திருத்தி அனுப்புவான். கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் பக்கத்திலேயே வளர்ந்தவன், பேச்சில் எப்போதும் அவசரம்.

"அண்ணா, 14.7ஐ மறந்துடுங்க" என்றான் முதலில். பங்க்கில் இப்போது ஊற்றுவது இ20. இருபது சதவீதம் எத்தனால் கலந்தால் சரியாக எரிய வேண்டிய காற்று-பெட்ரோல் விகிதம் 14.7லிருந்து 13.5 பக்கம் இறங்கிவிடும். பழைய கணக்கில் ஊற்றினால் பெட்ரோல் ஏழெட்டு சதவீதம் குறைவாகப் போய், லீனாக ஓடி, பிஸ்டன் உருகும். அதனால் லாம்டா மட்டும் பார்க்கச் சொன்னான்; எந்தப் பெட்ரோலானாலும் சரியான விகிதம் அதில் 1. ஃபுல் பூஸ்டில் 0.80. என் மீட்டர் பெட்ரோல் கணக்கில் இருப்பதால் அதில் 11.8 என்று காட்டும், காட்டட்டும். இ20யைத் திட்டாதவர் இல்லை, மைலேஜ் விஷயத்தில் நியாயம்தான். ஆனால் டர்போவுக்கு அது கெட்டதல்ல. ஆக்டேன் கூட, ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். இந்த வெயிலில் யார் குளிர்வித்தாலும் கும்பிடலாம்.

ஆனால் பிஸ்டன் கம்பெனி பிஸ்டன்தான். கம்ப்ரஷன் ஒன்பதரை, டர்போவுக்கு அதிகம். அதுதான் பயம்.

மே 18

இன்டேக் சென்சரில் உள்ளே போகும் காற்று, வண்டி நிற்கும்போதே: 58 டிகிரி.

மே 20

சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவதுதான் நாக்கிங். அதைக் கேட்க பாய் ஒரு கருவி செய்தார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையிலிருந்து செம்புக் குழாய் ஒரு அடி. ஒரு முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி, ஓட்டை போட்டு பிளாக்கில் போல்ட் செய்து, மறுமுனையில் மீன்தொட்டி ட்யூப், ட்யூபின் கடைசியில் காதுக்கு மூடி. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. முப்பது வருடமாக இப்படித்தான் கேட்கிறாராம். அதற்கு முன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து.

காலை ஐந்தரை. பள்ளிகொண்டா பக்கம் ஆளில்லாத நீட்டில் மூன்றாவது கியர், இரண்டரை ஆயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை. பாய் பக்கத்து சீட்டில், ட்யூப் காதில். முதல் முறை ஓட்டியபோது வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலரை ஆயிரத்தில் மூச்சு வாங்கிய வண்டி இது இல்லை. அங்கேதான் இது தொடங்குகிறது.

"சுத்தம்" என்றார் பாய்.

இரண்டாவது முறை சின்னவன் ஓட்ட, ட்யூப் என் காதில். ஐயாயிரத்து இருநூறில், தகர டப்பாவில் மூன்று ஆணி விழுந்தது போல. டிக்டிக்டிக். அவ்வளவுதான். கால் நொடி.

"என்ன?" என்றார் பாய்.

"சுத்தம்தான் பாய்" என்றேன்.

மே 21

ஏன் அப்படிச் சொன்னேன்?

லாக் அனுப்பி ஒரு மணி நேரத்தில் பையன் போன். "அஞ்சாயிரத்து இருநூறுல நாக் இருக்குண்ணா, சென்சர்ல தெளிவா தெரியுது. உங்களுக்குக் கேக்கலையா?" கேட்டது என்றேன். 4800லிருந்து 5400 வரை மூன்று டிகிரி டைமிங் குறைத்து, பூஸ்டை 0.6க்கு இறக்கி அனுப்பினான். பெரிய விஷயமில்லை, இதற்குத்தான் டியூனிங்.

அதற்குப் பிறகு ஒன்று சொன்னான், அதைத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். நாக்கிங் சத்தம் எந்த அலைவரிசையில் வரும் என்பது சிலிண்டர் விட்டத்தைப் பொறுத்தது. குறுகலானால் சத்தம் மேலே போகும். "உங்களுக்கு போர் 75 மில்லி, அப்ப 7600 ஹெர்ட்ஸ் பக்கம்." சென்சரின் வடிகட்டியை அங்கே வைத்திருக்கிறானாம்.

7600. வயசானவர்களுக்கும் இரும்படிக்கிறவர்களுக்கும் முதலில் போவது மேல் சத்தம்தான். பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும், லாரி எஞ்சினில் பேரிங் உறுமுவது கேட்கும். குருவி கேட்காது. நாற்பது வருடம் கிரைண்டர் பக்கத்தில் நின்றவர். லேலண்டின் பெரிய சிலிண்டரில் இன்னும் கீழே விழும் இந்தச் சத்தம், அதில் அவருக்குக் கேட்கலாம். என் வண்டியின் சின்ன சிலிண்டரில்தான் கேட்காது. அப்படியானால் கேபி35 போட்டபோது? "சுத்தம்" என்று சொல்லி மூன்று வருடம் ஓட்டினோமே, அப்போது கேட்டதா? அந்த விரிசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எனக்கே தெரியும். இருந்தாலும் மனசு அங்கேதான் போகிறது.

அவரிடம் சொல்லணுமா? எப்படி? "பாய், உங்களுக்கு ஏழாயிரத்து அறுநூறு இல்லை" என்றா?

அன்று விசில் கேட்குதா என்றபோது "ம்" என்றாரே.

மே 22

சொல்லவில்லை.

மே 24

புது மேப். சுத்தம். உண்மையாகவே. லாம்டா 0.79, 0.80, 0.80. பாலாற்றுப் பாலம் தாண்டும்போது ஒரு ராயல் என்ஃபீல்டு பையன் கூடவே வந்து பார்த்தான், பின்கண்ணாடியில் சின்னதாகிப் போனான். இந்த வயசில் இதற்குப் பெருமைப்படக் கூடாது. பட்டேன்.

ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். புக்கில் டர்போ கிடையாது. அதை நினைத்தால் தூக்கம் வராது, அதனால் நினைக்கவில்லை.

மே 26

பாய் காலையில் வரவில்லை. பதினொன்றுக்கு மகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு காகிதம், நாலாக மடித்தது. டீ வந்ததும் அதைப் பிரித்து பானெட் மேல் வைத்தார்.

கட்டம் போட்ட தாள். இடது ஓரத்தில் 250, வலது ஓரத்தில் 8000. கோடு 2000 வரை மேடு பள்ளமில்லாமல் வருகிறது, அதற்குப் பிறகு ஏலகிரி மலையிலிருந்து பஸ் இறங்குவது மாதிரி. இரண்டு காதும். வலது இன்னும் மோசம்.

"நம்ம மேப் மாதிரியே இருக்குல்ல?" என்றார். பிறகு சின்னவனைக் கூப்பிட்டு, செம்புக் குழாயையும் ட்யூபையும் அவன் கையில் கொடுத்து, இந்த மூடியை மாற்று, காதில் உறுத்துகிறது என்றார். அவ்வளவுதான் பேச்சு. டீயை அந்தத் தாள் மேலேயே வைத்துக் குடித்தார்.

மே 28

கத்திரி கழிந்தது. சாயங்காலம் மழை, அரை மணி நேரம்தான். ஷெட் தகரத்தில் விழுந்த சத்தத்தில் யாரும் பேசவில்லை.

இன்டேக் 31! மே மாதத்தில்!

மே 29

குளிர்ந்த காற்று அடர்த்தி கூட. அதே பூஸ்டில் கூடுதல் காற்று உள்ளே போகும். மேப் வெயிலில் போட்டது. திருத்தம் எல்லாம் உள்ளேயே இருக்கு, பயப்படாதீங்கண்ணா என்கிறான் பையன். பயம் என்று யார் சொன்னது? நாலாவது கியரில் ஒரு லாக் கேட்டிருக்கிறான்.

வீட்டில் ஜிபே ஹிஸ்டரி பார்த்துவிட்டாள். பதினெட்டு தெரியும். அன்றிலிருந்தே தெரியுமாம்.

மே 30

கம்ப்ரஸர், வைஸ், இரண்டு ஜாக்கி, வெல்டிங் செட் டாடா ஏஸில் ஏறிவிட்டன. ஆம்பூரில் மகன் வீட்டுப் பின்னால் ஒரு கூரை இருக்கிறதாம். எஞ்சின் தூக்கும் செயின் மட்டும் விட்டத்தில் தொங்குகிறது, நாளை எடுக்க வேண்டும். சுவரில் சாக்பீஸால் எழுதிய பழைய வால்வு கிளியரன்ஸ்கள், போன் நம்பர்கள், யாரோ தர வேண்டிய 350 ரூபாய்.

நாளை ஐந்து மணிக்கு நாலாவது கியர். சின்னவன் ட்யூப் பிடிக்கிறான். பாய் பின்சீட்டில் வருகிறாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. டயர் காற்று பார்க்கணும், லேப்டாப் சார்ஜ்