போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது இரண்டா?

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்குச் செல்ல அம்மாவுக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இருமுறை படித்தவர், போகையில் ஏழு மணி நேரம் பறக்கிற விமானம் திரும்புகையில் மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் எப்படி வந்து சேரும் என்று கேட்டார். சீட்டில் அப்படித்தான் இருந்தது: சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 6.00-க்கு வருகை, திரும்பும் நாளில் இரவு 8.20-க்குப் புறப்பட்டு 10.05-க்குச் சென்னை. புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்திலேயே அச்சிடப்படுகின்றன; இடையிலுள்ள இரண்டரை மணி நேர வித்தியாசத்தை ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் கூட்டினால், இரண்டுமே நாலேகால் மணி நேரம்தான்.

இந்த இரண்டரை மணி நேரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையிலும் சிங்கப்பூர் 104 பாகையிலும் இருப்பதால், பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் சூரியன் காட்டும் வித்தியாசம் 96 நிமிடங்களே. மீதி மனிதர் வைத்துக்கொண்டது. மலேசியா தன் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டுமென்று 1982-ஆம் ஆண்டு கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியபோது, சிங்கப்பூரும் உடன் நகர்த்திக்கொண்டது.

இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து டில்லிக்குப் பறக்கும் தொலைவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வரைபடத்தில் நூல் பிடித்தால் அது வங்கக் கடலைக் கடந்து, பெரிய நிக்கோபாரின் தென்முனையை ஒட்டி, மலாக்கா நீரிணையின் மேலாக இறங்கும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு மூன்று மணி 25 நிமிடங்கள் போதும். ஆனால் சீட்டிலுள்ள நேரம் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், மெதுவாக மேலேறுவதும் இறங்குவதும் அதில் அடக்கம்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வேகக் காற்று ஒன்று வீசுகிறது. அதை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் போகிற விமானத்தை அக்காற்று எதிர்க்கும், வருகிற விமானத்தைப் பின்னிருந்து தள்ளும். எனினும் இவ்வளவு குறுகிய பயணத்தில் அது சில நிமிடக் கணக்குதான். அம்மா நினைத்ததைப் போல ஐந்து மணி நேரத்தை விழுங்கிவிடாது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அம்மா, அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. இரத்த அழுத்த மாத்திரையைச் சென்னை நேரப்படி காலை எட்டு மணிக்கே, அதாவது அவ்வூர்க் கடிகாரத்தில் பத்தரைக்கு, போட்டுக்கொள்கிறார்.